சிறிய மணிக்கட்டும் பெரிய கடிகாரமும்

செங்கல்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலில் காலை வேளையில் பயணம் செய்வோர் ஒன்றைக் கவனித்திருக்கலாம். கைப்பிடியைப் பற்றி நிற்கும் கைகள் பலவற்றில் இன்று 'ஸ்மார்ட் வாட்ச்' ஏறிவிட்டது. மணி பார்ப்பதற்கு மட்டும் அதை யாரும் கட்டுவதில்லை. நாடித் துடிப்பு, நடந்த அடிகள், உறங்கிய நேரம், குருதியில் ஆக்சிஜனின் அளவு எனப் பலவற்றையும் அது சொல்வதாக விளம்பரங்கள் கூறுகின்றன.

இனி அந்தக் கைகளைச் சற்று உற்று நோக்குங்கள். பருத்த மணிக்கட்டில் அது பாந்தமாக அமர்ந்திருக்கிறது. கல்லூரி மாணவியர், மெலிந்த இளைஞர்கள், அலுவலகம் செல்லும் பெண்கள் பலரின் கைகளிலோ கடிகாரத்தின் இரு ஓரங்களும் மணிக்கட்டைத் தாண்டி வெளியே நிற்கின்றன. வாரைக் கடைசித் துளையில் மாட்டிய பின்னும் அது வழுக்கிப் புறங்கைக்கு வந்துவிடுகிறது. இது வெறும் அழகுக் குறை என்று நாம் எண்ணிவிடக் கூடாது. அளவுக் கருவி ஒன்று அளக்கப்படும் பொருளோடு பொருந்தாவிட்டால் அது தரும் அளவு எப்படிச் சரியாகும்? இக்கட்டுரை அக்கேள்வியை முன்வைத்து, இக்கருவிகளின் வடிவமைப்பை இயற்பியல் நோக்கில் எடைபோட முயல்கிறது.

பெண்ணின் கையில் பிறந்த கருவி

முதலில் ஒரு வரலாற்று விந்தை. கைக்கடிகாரம் தொடக்கத்தில் பெண்களுக்கான அணிகலனாகவே விளங்கியது. பிரெகே என்ற புகழ்பெற்ற கடிகாரக் கலைஞர் நேப்பிள்ஸ் அரசி கரோலின் முராவுக்காக 1810-இல் தொடங்கி 1812-இல் முடித்த கடிகாரம், கையில் கட்டுவதற்கென உருவானவற்றுள் மிகப் பழையது எனக் கருதப்படுகிறது. ஆண்கள் சட்டைப்பையில் சங்கிலிக் கடிகாரம் வைத்திருந்தனர். முதல் உலகப் போரின்போது பதுங்குகுழிகளில் இரு கைகளுக்கும் வேலை இருந்தமையால்தான் ஆண்களிடையே கைக்கடிகாரம் பரவலாயிற்று.

கடிகாரத்தைச் சிறிதாக்கும் கலையும் அன்றே உச்சத்தைத் தொட்டுவிட்டது. சுவிட்சர்லாந்தின் ஜேகர்-லெகூல்டர் நிறுவனம் 1929-இல் உருவாக்கிய '101' என்னும் இயக்கப் பொறியின் நீளம் 14 மி.மீ.; அகலம் 5 மி.மீ.க்கும் குறைவு, எடை ஏறத்தாழ ஒரு கிராம். இரண்டாம் எலிசபெத் அரசி 1953-இல் முடிசூட்டு விழாவில் அணிந்திருந்தது இத்தகைய கடிகாரமே.

நம் நாட்டிலும் இத்திறமைக்குக் குறைவில்லை. எச்.எம்.டி. நிறுவனம் 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவன ஒத்துழைப்புடன் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாக 1984-இல் நிறுவிய டைட்டன், ஓசூரில் தன் தொழிற்சாலையை அமைத்தது. அது 1992-இல் பெண்களுக்கென 'ராகா' வரிசையை வெளியிட்டது. 2002-இல் வெளிவந்த 'எட்ஜ்' கடிகாரத்தின் மொத்தத் தடிப்பே 3.5 மி.மீ.; உள்ளிருந்த இயக்கப் பொறியின் தடிப்பு 1.15 மி.மீ. மட்டுமே. தமிழ் மண்ணில், ஓசூரில் நிகழ்ந்த சாதனை இது.

ஆக, கைக்கடிகாரம் சிறிய மணிக்கட்டில் பிறந்து, சிறிய மணிக்கட்டுக்காகவே நுட்பம் பெற்றது. அதன் வழித்தோன்றலான ஸ்மார்ட் வாட்ச் மட்டும் ஏன் அம்மணிக்கட்டை மறந்தது?

மணிக்கட்டின் வடிவக்கணக்கு

மணிக்கட்டை நாம் வட்டம் என எண்ணுகிறோம். உண்மையில் அதன் குறுக்குவெட்டு நீள்வட்டத்தை ஒத்தது. அகலம் மிகுதி, தடிப்பு குறைவு. கணக்கிட எளிதாக இரண்டு மணிக்கட்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 66 மி.மீ. அகலமும் 48 மி.மீ. தடிப்பும் கொண்டது. மற்றொன்று 51 மி.மீ. அகலமும் 37 மி.மீ. தடிப்பும் கொண்டது. நீள்வட்டத்தின் சுற்றளவைத் தோராயமாகக் காண நம் கணித மேதை இராமானுசன் 1914-இல் ஓர் அழகிய சூத்திரம் தந்துள்ளார். அதன்படி முதல் மணிக்கட்டின் சுற்றளவு 18 செ.மீ.; இரண்டாவதன் சுற்றளவு ஏறத்தாழ 14 செ.மீ. இரண்டும் நாம் அன்றாடம் காணும் கைகளே.

இவ்விரண்டின் மீதும் 44 மி.மீ. நீளமுள்ள தட்டையான கடிகாரத்தை வைப்போம். வார் மாட்டும் முனைகளுக்கு இடைப்பட்ட நீளத்தையே இங்குக் குறிப்பிடுகிறோம். அதுதான் மணிக்கட்டின் குறுக்கே கிடப்பது. கடிகாரத்தின் நடுப்பகுதி மணிக்கட்டின் உச்சியைத் தொடும். ஓரத்திலோ, தோல் வளைந்து கீழே சென்றுவிடுவதால், இடைவெளி தோன்றும். பெரிய மணிக்கட்டில் இந்த ஓர இடைவெளி சுமார் 6 மி.மீ. சிறிய மணிக்கட்டில் அது சுமார் 9 மி.மீ., அதாவது ஒன்றரை மடங்கு. மெய்யான மணிக்கட்டின் மேற்புறம் நீள்வட்டத்தைவிடச் சற்றுத் தட்டையானது; ஆதலால் எண்கள் சிறிது குறையலாம். ஆனால் ஒப்பீடு மாறாது.

இந்த இடைவெளியை அடைக்க வாரை இறுக்கினால் என்ன? இங்கு இயற்பியல் மாணவர்கள் அறிந்த லாப்லாசு விதி குறுக்கிடுகிறது. வளைந்த பரப்பைச் சுற்றி இழுக்கப்பட்ட பட்டை அப்பரப்பில் தரும் அழுத்தம், இழுவிசைக்கு நேர்விகிதத்திலும் வளைவு ஆரத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். 18 செ.மீ. கையில் உறுத்தாத இழுவிசை, 14 செ.மீ. கையில் சராசரியாக நூற்றுக்கு 29 பங்கு கூடுதல் அழுத்தம் தரும். தளர்த்தினால் ஆடுகிறது, இறுக்கினால் வலிக்கிறது. சிறிய கையுடையோர் பலரும் சொல்லும் குறை இதுவே. அது அவர்களின் கற்பனை அன்று என்பதை இவ்விதி காட்டுகிறது.

மூன்றில் இரண்டு பங்கு

மேலே எடுத்துக்கொண்ட பெரிய மணிக்கட்டின் அகலம் 66 மி.மீ.; கடிகாரம் 44 மி.மீ. அதாவது அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. இதே பொருத்தம் 51 மி.மீ. அகலமுள்ள சிறிய மணிக்கட்டுக்கும் கிடைக்க வேண்டுமானால் கடிகாரம் எவ்வளவு இருக்க வேண்டும்? 51-இல் மூன்றில் இரண்டு பங்கு 34 மி.மீ. அப்போது ஓர இடைவெளியும் 5 மி.மீ.க்குள் அடங்கிவிடும். பெரிய கைக்கு 44 எப்படியோ, சிறிய கைக்கு 34 அப்படி. இந்த ஓர் எண்ணை மனத்தில் இருத்திக்கொண்டு கடைக்குச் செல்வோம்.

ஆப்பிள் நிறுவனம் 2015-இல் முதன்முதலாக வெளியிட்ட கடிகாரங்கள் 38, 42 மி.மீ. என இரண்டு அளவுகளில் வந்தன. 2018-இல் அவை 40, 44 ஆயின. 2021-இல் 41, 45. 2024-இல் வந்த பத்தாம் வரிசையில் 42, 46. 2015-இல் 'பெரியது' எனப்பட்ட 42 மி.மீ. 2024-இல் அந்த வரிசையில் 'சிறியது' ஆயிற்று! விலை குறைந்த 'எஸ்.இ.' வகையில் 40 மி.மீ. கிடைக்கிறது, அதற்குக் கீழே இல்லை. தடிப்பை 10.7-இலிருந்து 9.7 மி.மீ.க்குக் குறைத்ததை நாம் பாராட்டலாம். எனினும் நீளத்தில் அவர்கள் சென்ற திசை ஒன்றே: மேல்நோக்கி. சாம்சங் நிறுவனத்தின் 2021, 2024 வெளியீடுகள் சிலவும் 40, 44 மி.மீ. அளவினவே. கூகுளின் முதல் 'பிக்சல்' கடிகாரம் 2022-இல் 41 மி.மீ. என்ற ஒரே அளவில் வந்தது. 2024-இல் அதற்கு 45 மி.மீ. துணை சேர்ந்தது. கீழே ஓர் அளவு சேரவில்லை.

நம் ஊர்க் கடைகளில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் விற்கும் கடிகாரங்களின் நிலை இன்னும் மோசம். அவற்றின் விளம்பரங்களில் முதலில் வருவது திரையின் அளவே. 1.83 அங்குலத் திரை என்றால் மூலைக்கு மூலை 46 மி.மீ.க்கு மேல். தொலைக்காட்சிப் பெட்டி விற்பதுபோல் கைக்கடிகாரத்தையும் திரையின் அங்குலக் கணக்கில் விற்கிறார்கள். கையின் அளவை எவரும் கேட்பதில்லை.

ஒளி கசிந்தால் அளவு பிழைக்கும்

பொருத்தம் ஏன் முக்கியம் என்பதை உணர, இக்கருவி நாடியை எப்படி அளக்கிறது என்று காண வேண்டும். கடிகாரத்தின் அடியில் பச்சை ஒளி மின்னுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒளியுமிழ் டையோடு ஒன்று பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்துகிறது. குருதியிலுள்ள ஈமோகுளோபின் பச்சை ஒளியை நன்கு உறிஞ்சும். இதயம் துடிக்கும்போது நுண்ணிய நாளங்களில் குருதி பெருகுகிறது. திரும்பிவரும் ஒளி சிறிது குறைகிறது. துடிப்புகளுக்கு இடையில் குருதி வடிகிறது, ஒளி கூடுகிறது. இந்த ஏற்றவிறக்கத்தை ஒளியுணர் டையோடு எண்ணுகிறது.

இந்த ஏற்றவிறக்கம் மிகச் சிறியது. திரும்பிவரும் ஒளியில் பெரும்பகுதி மாறாதது. துடிப்புக்கேற்ப மாறுவது சிறு பங்கே. கடிகாரத்துக்கும் தோலுக்கும் இடையே வெயில் கசிந்தால் அச்சிறு மாற்றம் அதில் மூழ்கிப்போகும். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையின் நண்பகல் வெயிலை நினைத்துப் பாருங்கள். வெளியொளியைக் கழித்துவிடும் மின்சுற்று கடிகாரத்தில் உண்டு என்பது மெய்தான். டையோடை அணைத்தும் ஏற்றியும் இரு அளவுகளையும் ஒப்பிட்டு அது கழித்துவிடும். ஆனால் கடிகாரம் ஆடும்போது கசியும் ஒளியும் உடன் மாறுகிறது. தோலுக்கும் உணரிக்கும் இடையே உள்ள தொலைவும் மாறுகிறது. அதைக் கழிப்பது எளிதன்று.

இன்னொரு சிக்கலும் உண்டு. விரைந்து நடப்பவர் ஒரு நொடிக்கு ஏறத்தாழ இரண்டு அடிகள் வைக்கிறார், நிமிடத்துக்கு 120. அவரது இதயமும் நிமிடத்துக்கு 100 அல்லது 120 முறை துடிக்கக்கூடும். இரு அதிர்வெண்களும் அருகருகே அமைவதால், தளர்ந்து ஆடும் கடிகாரம் அடிகளையே நாடி என எண்ணிவிட இடமுண்டு. மாமல்லபுரத்தில் உளியும் சுத்தியலுமாகக் கல் செதுக்குவோரின் கையில் இது கட்டப்பட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். நொடிக்கு இரண்டு அடி விழும் சுத்தியல், நாடியாகவும் நடையாகவும் பதிவாகக்கூடும்!

எங்கள் ஆய்வகத்தில் வெர்னியர் அளவியைக் கையில் எடுத்ததும் மாணவர்கள் முதலில் சுழிப்பிழை பார்க்க வேண்டும். தாடைகள் சரியாகப் பொருந்தாத அளவியை நாங்கள் ஒதுக்கி வைக்கிறோம். கம்பியைக் குறை சொல்வதில்லை. ஸ்மார்ட் வாட்ச் விஷயத்தில் மட்டும் நடப்பது தலைகீழ். கருவி பொருந்தாதபோது, "உங்கள் கை சிறியது" என்று அளக்கப்படும் கையைக் குறை சொல்கிறோம். பலவற்றின் கையேட்டில், 'இது மருத்துவக் கருவி அன்று' என்ற வரி சிறிய எழுத்தில் இருக்கும். ஆனால் வாங்குவோர் மார்பு படபடத்தால் பார்ப்பது அந்த வரியை அன்று. திரையில் தெரியும் எண்ணையே பார்க்கிறார்கள். அந்த எண் ஒருவர் கைக்குச் சரியாகவும் இன்னொருவர் கைக்குப் பிழையாகவும் அமைவது நியாயமன்று.

உற்பத்தியாளரின் வாதம்

சிறிதாகச் செய்வதில் உள்ள இடர்ப்பாட்டையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சாதாரண குவார்ட்சு கடிகாரம் பொத்தானளவு மின்கலத்தில் இரண்டு ஆண்டு ஓடுகிறது. கணக்கிட்டால் அதன் திறன் இரண்டு மூன்று மைக்ரோவாட்டே. ஸ்மார்ட் வாட்ச் இதைப்போல் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு திறன் வேண்டுவது. அதாவது இருபது முப்பது மில்லிவாட். ஆகவே ஓசூரின் 3.5 மி.மீ. கடிகாரத்தைக் காட்டி, 'இதைப்போல் ஏன் செய்யவில்லை?' என்று கேட்பது பொருந்தாது.

உருவம் குறைந்தால் பரப்பு இருமடியிலும் பருமன் மும்மடியிலும் குறையும் என்பது 1638-இல் கலிலியோ தம் நூலில் விளக்கிய உண்மை. 44 மி.மீ.யை 34 ஆக்கினால் நீளம் முக்கால் பங்குக்குச் சற்று மேல். பரப்பு ஐந்தில் மூன்று பங்கு. தடிப்பும் அதே விகிதத்தில் குறைந்தால் பருமன் பாதிக்கும் கீழே.

மெய்யான எடுத்துக்காட்டு ஒன்று. சாம்சங் 2021-இல் வெளியிட்ட 'கேலக்சி வாட்ச் 4' இரண்டு அளவுகளில் வந்தது. தடிப்பு இரண்டிலும் 9.8 மி.மீ. நீளம் ஒன்றில் 44.4, மற்றொன்றில் 40.4 மி.மீ.; குறைவு நூற்றுக்கு ஒன்பது. மின்கலமோ 361 மில்லி ஆம்பியர்-மணியிலிருந்து 247-க்கு இறங்கிவிட்டது. குறைவு நூற்றுக்கு முப்பத்திரண்டு! காரணம் எளிது. சில்லு, உணரிகள், அதிர்வு மோட்டார் ஆகியவை இரண்டு கடிகாரங்களிலும் ஏறத்தாழ ஒரே இடத்தை எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சிய இடமே மின்கலத்துக்கு. வீட்டைச் சுருக்கும்போது சமையலறையைத் தொடாவிட்டால் கூடம்தானே சுருங்கும்!

அலைவாங்கியின் தொல்லையும் உண்டு. புளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகா ஹெர்ட்சு அலையின் நீளம் 12.5 செ.மீ.; அதற்கேற்ற கால் அலைநீள வாங்கி 31 மி.மீ. செயற்கைக்கோள் வழி இடம் காட்டும் ஜி.பி.எஸ். அலையின் நீளம் 19 செ.மீ.; கால் பங்கு 48 மி.மீ. இவற்றை மடித்தும் வளைத்தும் கூட்டுக்குள் அடக்குகிறார்கள். கூடு சிறுக்கச் சிறுக்க இது கடினமாகிறது.

இவ்வாதங்கள் மெய்யே. ஆனால் இவை, 'முடியாது' என்று நிறுவுகின்றனவா? இல்லை. கார்மின் நிறுவனம் 2021-இல் 'லில்லி' என்ற கடிகாரத்தை வெளியிட்டது. அதன் குறுக்களவு 34.5 மி.மீ. நாம் கணக்கிட்டுக் கண்ட எண்ணுக்கு மிக அருகில்! ஒருமுறை மின்னேற்றினால் ஐந்து நாள் வரை ஓடும் என்று நிறுவனம் கூறியது. திரையை எளிமையாக்கி, ஜி.பி.எஸ். வேலையைக் கைப்பேசியிடம் விட்டுவிட்டதால் இது இயன்றது. எதை வைப்பது, எதை விடுவது என்று அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். மற்ற நிறுவனங்களும் தேர்ந்தெடுக்கவே செய்தன. பெரிய திரையைத் தேர்ந்தெடுத்தன. இயற்பியல் எல்லையை மட்டுமே வகுக்கிறது. அந்த எல்லைக்குள் யாருக்காகச் செய்வது என்பது மனிதர் முடிவு.

கூட்டைச் சுருக்காமல் வளைத்துப் பார்க்கும் வழியும் உண்டு. சாம்சங் 2014-இல் வெளியிட்ட 'கியர் ஃபிட்' கருவியின் திரையே மணிக்கட்டை ஒட்டி வளைந்திருந்தது. ஓர இடைவெளியைக் குறைக்க நல்ல வழி அது. பின்னர் வந்த முதன்மைக் கடிகாரங்கள் பெரும்பாலும் தட்டை வடிவத்துக்கே திரும்பின.

வளையல் கடை கற்பிக்கும் பாடம்

'ஒவ்வொரு கைக்கும் ஓர் அளவு செய்ய இயலுமா?' என்று கேட்போர், மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் செல்லும் வழியிலோ செங்கல்பட்டுக் கடைத்தெருவிலோ உள்ள ஒரு வளையல் கடைக்குச் சென்று பார்க்கட்டும். இரண்டு-இரண்டு, இரண்டு-நான்கு, இரண்டு-ஆறு, இரண்டு-எட்டு, இரண்டு-பத்து என அளவுகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். 'இரண்டு-நான்கு' என்பது தசம எண் அன்று. மாணவர்கள் இதை நினைவில் கொள்க. அது இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு பங்கும், அதாவது இரண்டே கால் அங்குலம். வீசம் என்று நம் முன்னோர் சொன்ன பதினாறில் ஒரு பங்கே இங்கும் அளவுகோல். மி.மீ. கணக்கில் உள்விட்டம் 54, 57, 60, 63.5, 67 எனச் செல்கிறது. அடுத்தடுத்த அளவுகளுக்கிடையே சுமார் 3 மி.மீ. வேறுபாடு.

வளையல் மணிக்கட்டை மட்டுமன்றி, விரல் மூட்டுகளைத் தாண்டிச் செல்லவேண்டிய கையையும் கருதி அளக்கப்படுவது. ஆதலால் அந்த எண்களை அப்படியே கடிகாரத்துக்குக் கொள்ள இயலாது. ஆனால் அதன் பின்னுள்ள கொள்கையைக் கொள்ளலாம். சில ரூபாய் விலையுள்ள கண்ணாடி வளையலுக்கு ஐந்து அளவு. பல்லாயிரம் ரூபாய் விலையுள்ள கடிகாரத்துக்கு இரண்டு! வளையல்காரர் கையைப் பார்த்தபின்தான் சரக்கை எடுக்கிறார். கடிகாரக் கடையில் நிறத்தைக் கேட்கிறார்கள்.

மின்னணுக் கருவிக்கு அது ஒத்துவராது என்றும் சொல்ல முடியாது. பின்லாந்தின் ஔரா நிறுவனம் விற்கும் 'ஸ்மார்ட் மோதிரம்' நாடியையும் உறக்கத்தையும் அளக்கும் கருவிதான். அதைப் பல அளவுகளில் செய்கிறார்கள்; விரலுக்கு எது பொருந்தும் என்று பார்க்க மாதிரி வளையங்களை முன்னதாகவே அனுப்பித் தருகிறார்கள். விரலுக்குக் காட்டும் மரியாதையை மணிக்கட்டுக்கும் காட்டலாகாதா?

தோற்றம்: சிற்பியின் கண்

தோற்றத்தை இகழ்ச்சியாக ஒதுக்கிவிடுவது அறிவியலார் சிலரின் வழக்கம். அது சரியன்று. தோற்றத்துக்கும் கணக்கு உண்டு. பெல்ஜிய அறிஞர் டெல்பூஃப் 1865-இல் ஒரு காட்சி மயக்கத்தை விளக்கினார். ஒரே அளவுள்ள இரண்டு வட்டங்களை வரையுங்கள். ஒன்றைச் சுற்றி மிக அருகில் ஒரு வளையமும், மற்றொன்றைச் சுற்றி வெகு தொலைவில் ஒரு வளையமும் வரையுங்கள். அருகில் வளையம் உள்ள வட்டமே பெரிதாகத் தோன்றும். குறுகிய மணிக்கட்டின் விளிம்பு கடிகாரத்தின் விளிம்பை நெருங்கி நிற்பதால், அது உள்ளதைவிடவும் பெரிதாகக் கண்ணுக்குப் படுவதில் வியப்பில்லை.

நம் சிற்ப மரபு இந்த விகித உணர்வை இலக்கணமாகவே வகுத்துள்ளது. மாமல்லபுரத்தில் 1957 முதல் இயங்கிவரும் அரசு சிற்பக் கல்லூரியில் மாணவர்கள் பயிலும் அடிப்படைகளுள் ஒன்று தாளமானம். ஒரு தாளம் பன்னிரண்டு அங்குலம். இந்த அங்குலம் கடையில் வாங்கும் அளவுகோலின் அங்குலம் அன்று. அந்தந்தச் சிலையின் உயரத்தைப் பகுத்தே அது பெறப்படுகிறது. கையடக்கச் சிலைக்கும் ஆளுயரச் சிலைக்கும் தனித்தனி அங்குலம். தோள்வளை, கடகம் முதலிய அணிகலன்களும் அந்த அளவையே சார்ந்து அமையும். ஆகவேதான் சிலை எவ்வளவு சிறிதாயினும் அதன் கையிலுள்ள வளை கையை விழுங்குவதில்லை. அளவின் தொடக்கம் உடல், அணி அதன்பின்பு. ஸ்மார்ட் வாட்ச் செய்வோர் திரையிலிருந்து தொடங்குகிறார்கள். உடல் கடைசியில் வருகிறது. குறையின் வேர் இங்கேதான் உள்ளது.

பெண்களுக்கென்று கூறி விற்கப்படும் சிலவற்றிலும் இக்குறை மறைவதில்லை. ரோஜாப்பொன் நிறமும் கற்கள் பதித்த விளிம்பும் மாறுகின்றன. உள்ளே கூடு அதேதான். மெய்யாகவே சிறிதாக்கியவற்றில் வசதிகள் குறைகின்றன. முன்னர் பாராட்டிய லில்லியில்கூட ஜி.பி.எஸ். உள்ளே இல்லை. 2024-இல் வந்த 'லில்லி 2 ஆக்டிவ்' அதைச் சேர்த்தது; கூடும் சற்றுப் பெரிதாயிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியலில் ஓடப் பயிலும் மாணவிக்கு வேண்டியது கற்கள் பதித்த விளிம்பு அன்று. கையில் ஆடாமல் நின்று, ஓடிய தொலைவையும் துடித்த நாடியையும் சரியாகச் சொல்லும் கருவி. இரண்டில் ஒன்றைத்தான் பெறலாம் என்று அவளிடம் சொல்வது முறையா?

வாங்குமுன் அளந்து பாருங்கள்

நல்ல காலம் வரும்வரை வாங்குவோர் தம்மைக் காத்துக்கொள்ள எளிய சோதனைகள் சில உண்டு. மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

முதலாவது: கையை மேசைமேல் உள்ளங்கை கீழாக வையுங்கள். மணிக்கட்டின் இரு பக்கமும் இரண்டு தீப்பெட்டிகளை நிமிர்த்தி ஒட்டி வைத்து, அவற்றின் இடைவெளியை அளவுகோலால் அளங்கள். இதுவே மணிக்கட்டின் அகலம். அதில் மூன்றில் இரண்டு பங்கு உங்களுக்குப் பாந்தமான கடிகார நீளம். முக்கால் பங்கு வரை பொறுக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டாவது: அந்த நீளத்துக்கு அட்டை ஒன்றை வெட்டிக் கையில் வைத்துப் பாருங்கள். நிறுவனம் தரும் நீளத்துக்கும் மற்றோர் அட்டை வெட்டி ஒப்பிடுங்கள். விளம்பரத்தில் திரையின் அங்குலம் மட்டும் இருந்தால், கூட்டின் நீளம், தடிப்பு, எடை ஆகியவற்றைக் கேட்டுப் பெறுங்கள். வார் எந்தச் சுற்றளவு வரை இறுகும் என்பதையும் கேளுங்கள்.

மூன்றாவது: கட்டியபின் கையைச் சற்று உதறுங்கள். கடிகாரம் தோலோடு சேர்ந்து அசைய வேண்டும். தோலின்மேல் வழுக்கக் கூடாது. சுண்டுவிரல் பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு முனைக்கு ஒரு விரற்கடை மேலே, முழங்கை நோக்கி ஏற்றிக் கட்டினால் பொருத்தம் மேம்படும். அங்கே கை சற்று அகலம், ஆட்டமும் குறைவு.

நான்காவது: அமைதியாக அமர்ந்து மற்றொரு கையின் நாடியை விரலால் தொட்டு, ஒரு நிமிடம் எண்ணுங்கள். கடிகாரம் காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். பிறகு விரைவாக நடந்து வந்து, நின்றதும் மீண்டும் ஒப்பிடுங்கள். இரு எண்களும் பெரிதும் வேறுபட்டால் பொருத்தத்தை ஐயுறுங்கள். உடல்நலத்தில் ஐயம் இருந்தால் கடிகாரத்தைக் கேட்க வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள்.

முடிவாக

இக்கருவிகளை நாம் வெறுக்கவில்லை. ஒளியையும் மின்னணுவையும் கொண்டு தோலைத் துளைக்காமலே நாடியறியும் நுட்பம் போற்றத்தக்கது. அதனாலேயே அது எல்லாருக்கும் சரியாகப் பயன்பட வேண்டும் என்கிறோம். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் இந்தியர்களின் உடலளவுகளைத் தொகுத்து 1997-இல் நூலாகவே வெளியிட்டது. அளவு தெரியவில்லை என்று சொல்ல வழியில்லை. நிறுவனங்கள் செய்யவேண்டியவை மூன்று. 34 முதல் 36 மி.மீ. வரை ஓர் அளவை வரிசையில் சேர்க்க வேண்டும். அதற்காக மின்னேற்றக் காலம் சிறிது குறைந்தாலும் நாம் பொறுத்துக்கொள்வோம். பெட்டியின் மேல் திரையின் அங்குலத்தோடு, பொருந்தும் மணிக்கட்டின் அகலத்தையும் அச்சிட வேண்டும். சிறிய மணிக்கட்டுகளிலும் சோதித்து, நாடியளவில் நேரும் பிழை எவ்வளவு என்பதை வெளியிட வேண்டும்.

வாங்குவோர் கடமை ஒன்று. கடைக்காரரிடம் நிறத்தையும் விலையையும் கேட்கும் முன், "என் கை அளவுக்கு உண்டா?" என்று கேட்கப் பழக வேண்டும். பலரும் கேட்டால் கடைக்காரர் விற்பனையாளரைக் கேட்பார். அவர் நிறுவனத்தைக் கேட்பார். ஓசூரில் 3.5 மி.மீ. தடிப்பில் கடிகாரம் செய்துகாட்டிய நாட்டுக்கு, 34 மி.மீ. அளவில் நல்ல ஸ்மார்ட் வாட்ச் ஒன்றைச் செய்வது இயலாத காரியம் அன்று.